அலையை நடிக்க வேண்டாம்: வெள்ளம் வடிந்த ஊரில் நாடகம் செய்வது

கடலோ ஆறோ ஏறிவிட்டுப் போன ஊரில் நாடகம் செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் தேடுவது நீலத் துணி. இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினால் அலை. மத்தளத்தை உருட்டி அடித்தால் இரைச்சல். பத்து நிமிடத்தில் செய்து முடிக்கலாம், படமும் வடிவாக வரும். அந்தத் துணியை முதலில் மடித்து வையுங்கள். தண்ணீரைக் கண்ட சனத்துக்குத் தண்ணீரை நடித்துக் காட்டி ஆகப்போவது என்ன? அதைவிடப் பெரிய குறை, அந்தக் காட்சியில் பார்ப்பவருக்கு வேலை இல்லை. அலை வருகிறது, ஆள் போகிறது, அழுகை. அவ்வளவுதான்.

நாடகத்துக்கு உதவுகிற நேரங்கள் இரண்டு. ஒன்று தண்ணீர் வருவதற்கு முந்திய சில மணித்தியாலங்கள். மற்றது வடிந்த பிறகு பதிவுக்கும் நிவாரணத்துக்கும் வரிசையில் நிற்கிற நாட்கள். இரண்டிலும் ஆட்கள் முடிவெடுக்கிறார்கள், தயங்குகிறார்கள், ஒருவரையொருவர் நம்பாமல் இருக்கிறார்கள். பார்த்துக்கொண்டிருப்பவர் எழும்பி வந்து "இந்த இடத்தில் நான் இப்படிச் செய்வேன்" என்று சொல்ல இடம் இருக்கிறது.

இதில் ஒரு கண்ணிவெடி உண்டு. "வேறு மாதிரிச் செய்திருக்கலாமே" என்று போன வெள்ளத்தைப் பற்றிக் கேட்டால், பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அது குற்றச்சாட்டாகத்தான் கேட்கும். ஆகவே முந்திய மணித்தியாலத்தைக் காட்டுகிற காட்சியை எப்போதும் இனி வரப்போகிற வெள்ளத்தில் வையுங்கள். "வாற கார்த்திகையில ஒரு நாள்" என்று கட்டியக்காரன், கூத்தில் சபையோடு பேசிக் கதையை நடத்துகிறவன், தொடங்கினால் போதும். வரிசைக் காட்சியை மட்டும் நடந்து முடிந்ததாகக் காட்டலாம். அதில் கோபம் வரும், சிரிப்பும் வரும், பழி யார் தலையிலும் விழாது.

மூன்று வகை அழிவு, மூன்று கடிகாரம்

திருகோணமலை மாவட்டத்தில் எல்லா ஊருக்கும் ஒரே நாடகம் சரிவராது. 2004 டிசம்பர் 26இல் சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்த பிறகு கடல் எங்கள் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் கரைக்கு ஒரு சொல்லும் வந்து சேரவில்லை. 2012 ஏப்ரல் 11இல் அதே பக்கம் மறுபடி அதிர்ந்தது, எச்சரிக்கை உடனே வந்தது, சனம் ஓடியது, கடல் ஏறவில்லை. அதனால் கரையோர ஊர் நாடகத்தில் முதல் எதிராளி அலை இல்லை, "அண்டைக்கும் ஓடினம், என்ன வந்தது?" என்று கதிரையை விட்டு எழும்பாமல் இருக்கிற மனிசன்.

புயல் வேறு. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையேறியபோது முன்கூட்டியே தெரிந்திருந்தது. அங்கே கேள்வி, பாடசாலைக்குப் போவதா, கூரைக்குக் கல் ஏற்றிவிட்டு வீட்டிலேயே இருப்பதா, தோணியை எவ்வளவு தூரம் மேலே இழுப்பது என்பது.

மூன்றாவது ஆறு. மகாவலி கொட்டியாரக்குடாவில் விழுகிறது, அதன் கிளை வெருகலால் போகிறது. மூதூர், வெருகல், கிண்ணியா ஊர்களில் தலைக்கு மேலே வானம் வெளித்திருக்கும்போதே மலைநாட்டு மழை வந்து சேரும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளமும் மாவிலாற்றுக் கட்டு உடைந்ததும் இதைத்தான் காட்டின. ஆற்றோர நாடகத்தின் அடிப்படை முரண் ஒரே வரியில் அடங்கும்: "இங்க மழையே இல்ல, தண்ணி எங்கால வரும்?"

எந்த ஊருக்கு எந்தக் கடிகாரம் என்று முதலில் தீர்மானியுங்கள். மூன்றையும் ஒரே நாடகத்தில் கலந்தால் விழிப்புணர்வுப் பேச்சாகிப் போகும்.

எப்போது

முதல் மாதம் நாடகம் வேண்டாம். கிணறு இறைக்க வேண்டும், பிள்ளையின் கொப்பி காய வேண்டும், வீட்டுச் சேற்றை அள்ள வேண்டும். அந்த நேரத்தில் பயனுள்ளது பிள்ளைகளோடு விளையாட்டும் பாட்டும். அதற்கு நாடகம் என்று பெயர் வைக்கத் தேவையில்லை.

பெரியவர்களோடு தொடங்குவதற்கு ஊரின் தொழிலைப் பாருங்கள். கடற்கரை ஊர் என்றால் வாடைக்காலத்தில், கடல் கொந்தளித்துத் தொழில் குறைந்திருக்கும் தையிலும் மாசியிலும் ஆட்கள் கிடைப்பார்கள். வயல் ஊரில் அந்த மாதங்களில்தான் பெரும்போக அறுவடை. பங்குனி நடுப்பகுதிக்குப் பிறகே மூச்சு விடுவார்கள். முஸ்லிம் ஊர்களில் ரமழானைப் பாருங்கள், அது ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முந்திக்கொண்டு வரும். மேடையேற்றம் எப்படியும் ஐப்பசி மழைக்கு முன் முடிய வேண்டும். டிசம்பர் 26ஐ ஆற்றுகைக்குத் தெரிவு செய்யாதீர்கள். காலை 9.25க்கு நாடே அமைதி காக்கும் நாள், அது வீடுகளுக்கும் கல்லறைகளுக்கும் உரியது.

போயா (பௌர்ணமி) நாள் பின்னேரம் நல்ல தெரிவு. விடுமுறை, நிலவு இருக்கும், மின்சாரம் போனாலும் ஆடுகிற களரி தெரியும். சாராயக் கடையும் பூட்டு. கடைசிக் காரணத்தைத் திட்ட அறிக்கையில் எழுத மாட்டார்கள், ஆனால் முன்வரிசையில் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கிற குடிகாரரைச் சமாளித்தவர்களுக்கு அதன் பெறுமதி தெரியும்.

கொப்பி கொண்டு போகாதீர்கள்

ஊருக்குள் முதல் தடவை போகும்போது கையில் கொப்பியும் பேனையும் இருக்கக் கூடாது. அழிவுக்குப் பிறகு எழுதிக்கொண்டு வருகிற எவரும் நிவாரணம் பதிய வந்தவர்தான். ஒருவர் பெயரை எழுதினீர்களென்றால் பத்து நிமிடத்தில் படலையடியில் முப்பது பேர் அடையாள அட்டையோடு நிற்பார்கள், அவர்களிடம் நாடகம் என்று சொல்வது மாதிரி வெட்கக்கேடு வேறு இல்லை. முதல் வாக்கியத்திலேயே "தர ஒண்டும் கொண்டு வரல்ல, நாடகம் செய்யத்தான் வந்தனாங்கள்" என்று சொல்லிவிட வேண்டும். பாதிப்பேர் போய்விடுவார்கள். நிற்கிற மீதிப்பேரோடுதான் வேலை.

கிராம உத்தியோகத்தர், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், மீனவர் சங்கம், கோயில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகம் ஆகிய அனைவரிடமும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஒருவர் மூலமாக மற்றவருக்குச் சொல்லி அனுப்பினால் நாடகம் அந்த ஒருவருடைய ஆட்களின் நாடகமாகிவிடும்.

குழு 12 முதல் 18 பேர். அதற்குக் குறைந்தால் இரண்டு பேர் வராத நாளில் பயிற்சி நிற்கும். கூடினால் பின்னால் இருப்பவர்கள் வேடிக்கை பார்க்கத் தொடங்குவார்கள். பாதி பெண்கள். 16 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தனிக்குழு. நடத்துகிறவர்கள் இரண்டு பேர், ஒருவர் பெண். வாரத்தில் மூன்று நாள், இரண்டு மணித்தியாலம், ஐந்து அல்லது ஆறு வாரம். பெண்களுக்குப் பின்னேரம் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி பொருந்தும். முஸ்லிம் ஊர்களில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம், பெண்களுக்கு வேண்டுமானால் வேறு இடம். இரவுக் கடலுக்குப் போகிறவர் பகலில் தூங்குவார், அவரை மூன்று மணிக்கு எழுப்பாதீர்கள்.

பணம் கொடுப்பது பற்றி வாதம் முடியாது. என்னுடைய முடிவு: கைக்காசு வேண்டாம், தேத்தண்ணியும் பணிசும் ஒவ்வொரு நாளும் கட்டாயம். 18 பேருக்கு 3 லீற்றர் தேத்தண்ணி சரியாக இருக்கும். கூலிவேலைக்குப் போகிறவரைப் பகலில் அழைப்பதானால் மட்டும் அந்த நாட்கூலியைக் கொடுங்கள், அதையும் எல்லாருக்கும் தெரியச் சொல்லிக் கொடுங்கள்.

பயிற்சி

முதல் வாரம் வெள்ளம் என்ற சொல்லே வரக் கூடாது. உடம்பும் குரலும் மட்டும். நடத்தல், நிற்றல், ஒருவர் நிற்கும்போது எல்லாரும் நிற்றல், தாளத்துக்குப் பெயர் சொல்லுதல். கரைவலை இழுத்தவர்கள் குழுவில் இருந்தால் அம்பா பாடச் சொல்லுங்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் இழுப்புக்குச் சேர்ந்து பிடிக்கிற அந்த அமைப்பு சேர்ந்து மூச்செடுக்கப் பழக்கும். வேறு குரல் பயிற்சி தேவைப்படாது.

கயிற்று வட்டம் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். 15 பேருக்கு 12 மீற்றர் கயிறு, இரு நுனியையும் முடிந்து வட்டமாக்க வேண்டும். எல்லாரும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கயிற்றை இறுக்கி, கையை விடாமல் ஒன்றாக இருந்து ஒன்றாக எழும்ப வேண்டும். புதுநைலோன் உள்ளங்கையில் வழுக்கும், வழுக்கிய வேகத்தில் தோலையும் எடுக்கும். பழைய கரைவலைக் கயிறு, கட்டைவிரல் தடிப்பில், உத்தமம். முடிச்சை மீனவர் ஒருவரிடம் போடக் கொடுங்கள். பாடசாலையில் பழகிய முடிச்சுத் திடீர் இழுவைக்கு அவிழும், 15 பேரும் மல்லாக்க விழுவார்கள். ஆகவே மணலில் மட்டும், சீமெந்துத் தரையில் வேண்டவே வேண்டாம். கர்ப்பிணிகளும் முதுகு நோவுள்ளவர்களும் வட்டத்துக்கு வெளியே நின்று எண்ணிக்கை சொல்லட்டும்.

இரண்டாவது வாரம் சிலை. நான்கு நான்கு பேராகப் பிரிந்து, பேசாமல், உடம்பால் ஒரு காட்சியை உறைய வைப்பது. பிரேசில் நாட்டு நாடகக்காரர் ஒகஸ்தோ போல் (Augusto Boal) என்பவர் வளர்த்தெடுத்த முறையில் மூன்று சிலைகள்: இப்போது எப்படி, எப்படி இருக்க வேண்டும், இடையில் என்ன நடக்க வேண்டும். முதல் இரண்டும் சுலபம். மூன்றாவதில்தான் எல்லாரும் முழிப்பார்கள். அந்த முழிப்பை அவசரப்பட்டு நிரப்பாதீர்கள். நாடகத்தின் கரு அங்கேதான் கிடக்கிறது.

கதை சேர்ப்பது மூன்றாவது வாரத்தில். கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. "யாரை இழந்தீங்கள்?", "அந்த நேரம் எப்பிடி இருந்தது?" இரண்டும் கேட்கக் கூடாத கேள்விகள். சனத்தை உட்கார்த்தி நடந்ததை முழுக்கச் சொல்ல வைப்பது ஆற்றுப்படுத்தும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். உலக சுகாதார அமைப்பு இன்றைக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை. கேட்க வேண்டியவை சின்னக் கேள்விகள்: முதலில் சொன்னது யார்? நம்பினீங்களா? கையில என்ன எடுத்தீங்கள்? என்னத்துக்குத் திரும்பிப் போனீங்கள்? கடைசி இரண்டும் பொன் மாதிரியான கேள்விகள். அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, காணிப் பெர்மிற் என்று வரும் என எதிர்பார்ப்பீர்கள். வருவது பாதி அவிந்த சோற்றுப் பானை, தொலைக்காட்சியின் ரிமோட், ஒற்றைச் செருப்பு. சிரிப்பும் நடுக்கமும் சேர்ந்து வருகிற அந்தப் பொருட்களே காட்சியின் மூலப்பொருள்.

எந்தக் காட்சியும் ஒருவருடைய கதையாக இருக்கக் கூடாது. குறைந்தது மூன்று பேருடைய விசயம் கலந்திருக்க வேண்டும். உறவுமுறை, பெயர், வீடு இருந்த பக்கம் எல்லாம் மாற்றிவிடுங்கள். பறிகொடுத்தவரை அதே நிலையில் இருக்கிற பாத்திரத்துக்குப் போடாதீர்கள், அவரே கேட்டாலும். வேறு பாத்திரம் கொடுங்கள். கட்டியக்காரனாக, கேலி பேசுகிறவனாக அவர் வெளுத்து வாங்கக்கூடும். பார்வையாளர் ஒருவர் தன் கதையைச் சொல்ல நடிகர்கள் அங்கேயே ஆடிக் காட்டுகிற பிளேபக் அரங்கு 1975இல் அமெரிக்காவில் தொடங்கியது, நல்ல வடிவம். ஆனால் முதல் வருடத்தில், ஆறு வாரம் பழகிய குழுவோடு, அதைத் தொடக் கூடாது. சொன்னவர் வீட்டுக்குப் போன பிறகு அவரோடு இருப்பதற்கு ஆள் வேண்டும்.

பிரதியை எழுதாதீர்கள். எழுத்து வந்தவுடன் வாசிக்கத் தெரிந்தவர் முன்னுக்கு வருவார், நன்றாக ஆடுகிறவர் பின்னுக்குப் போவார். காட்சி ஒழுங்கை மட்டும் சீமெந்துப் பைக் கடதாசியில் படமாகக் கீறிச் சுவரில் ஒட்டினால் போதும். ஊரில் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் இருந்தால் அவரிடம் பாட்டுக்குப் போங்கள்: பழைய கூத்துப் பாட்டான தருவின் மெட்டுக்குப் புதிய வரி. மட்டக்களப்பு சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ஊரவர்களும் செய்த கூத்து மீளுருவாக்கத்திலிருந்து எடுக்க வேண்டியது இந்தப் பழக்கம்தான், அண்ணாவியாரையும் ஆடுகிறவர்களையும் இருத்தி வரியை விவாதித்து மாற்றுவது. கோயிலோடு ஒட்டிய பாட்டுகளைக் கலப்பு ஊரில் தவிருங்கள். கிண்ணியாப் பக்கம் கோலடித்து ஆடும் களிகம்பும் நாட்டார் பாட்டான கவியும் இருக்கும்போது இரவல் எதற்கு?

ஒரு காட்சி எப்படிக் கட்டப்படுகிறது

வெருகல் பக்கத்து வீடு ஒன்று என்று வையுங்கள். முக்கிய ஆட்கள் நான்கு பேர்: மாமா, மருமகள், ஒன்பது வயதுப் பொடியன், வெளியே ஒலிபெருக்கியோடு போகிற இளைஞன். பொருட்கள் மூன்று: ஒரு கதிரை, ஒரு வாளி, ஆடு இல்லாத ஆட்டுக்கயிறு. தண்ணீருக்குத் தரையில் ஒரு வெள்ளைக் கயிறு, 6 மீற்றர் நீளம், வீட்டிலிருந்து பத்து அடி தள்ளி. யாராவது ஒருவர் தாமதிக்கும் ஒவ்வொரு தடவையும் கட்டியக்காரன் சத்தமில்லாமல் வந்து கயிற்றை ஒரு அடி நகர்த்துவான். மத்தளம் இல்லை. யாரும் அந்தக் கயிற்றைப் பார்க்கக் கூடாது, பார்வையாளர் மட்டும் பார்ப்பார்கள்.

"மாமா, பள்ளிக்கூடத்துக்குப் போகட்டாம்."

"ஆர் சொன்னது?"

"மைக்கில சொல்லிக்கொண்டு போறான்."

"வானத்தைப் பாரு பிள்ளை. மழை இருக்கா? கண்டியில பெய்யிறதுக்கு நான் ஏன் கதிரையைத் தூக்கோணும்?"

கயிறு ஒரு அடி. பொடியன் ஆட்டை அவிழ்க்க ஓடுகிறான். கயிறு ஒரு அடி. மருமகள் பெட்டியைத் திறந்து கிளினிக் கொப்பியைத் தேடுகிறாள், அது மாமாவின் தலையணைக்குக் கீழே. கயிறு இன்னொரு அடி. பாடசாலைக்குப் போய் வந்த பக்கத்து வீட்டார் "கேற் பூட்டுக் கிடக்கு, திறப்பு ஆரிட்ட?" என்று திரும்பி வருகிறார்கள். இப்படியே இன்னும் சில தாமதம், கயிறு வாசலுக்கு ஒரு அடி முன்னால் நிற்கிறது. அங்கே உறைய வேண்டும். வாசலைத் தொட விடாதீர்கள். தொட்டால் அது அலைக் காட்சியாகிவிடும்.

ஆறு நிமிடம். குறுக்கிடக் குறைந்தது மூன்று இடம்: மாமாவின் கதிரை, ஆடு, திறப்பு. காட்சியைப் பழகும்போது குழுவுக்குள்ளேயே எழும்பிப் பாருங்கள். ஒருவரும் எழும்ப விரும்பாத காட்சி களரியிலும் தூங்கும். வழக்கமான பிழை, மாமாவை முட்டாளாக்குவது. அவர் சொல்வதில் நியாயம் இருக்க வேண்டும்: முந்திய முறை முகாமுக்குப் போய்த் திரும்பியபோது வீட்டுக் கூரைத் தகரம் களவு போயிருந்தது. அப்படி ஒரு வரியைக் கொடுத்தவுடன் பார்வையாளரில் பாதி அவர் பக்கம் சாய்வார்கள், பிறகுதான் வாதம் சூடுபிடிக்கும்.

வரிசைக் காட்சியில் பிழை வேறு மாதிரி. அதிகாரியைக் கேலிச்சித்திரமாக்கினால் கைதட்டு விழும், ஆனால் உண்மையான அதிகாரி முன்வரிசையில் இருப்பார், அடுத்த நாள் குழுவில் இருக்கிற பெண்தான் அவரிடம் கையெழுத்துக்குப் போக வேண்டும். அதிகாரியும் வீட்டில் சேறு அள்ளிவிட்டு வந்தவர், அவர் கையில் இருக்கிற படிவம் போன மாதத்துப் படிவம் என்று காட்டுங்கள். அவருக்கு முன்கூட்டியே ஒத்திகையைக் காட்டுவது கோழைத்தனம் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும்.

களரி, வெளிச்சம், காற்று

மேடை கட்டாதீர்கள். கூத்துக்குப் பழகிய வட்டக்களரி எல்லா வகையிலும் லாபம்: 20 அடி விட்டம், எதிரெதிரே நாலடி அகலத்தில் இரண்டு வழி. பாயில் இருக்கிற ஒருவருக்கு 20 அங்குலம், வரிசைக்கு வரிசை இரண்டரை அடி என்று விட்டால் ஐந்து வரிசையில் ஏறத்தாழ 250 பேர் இருக்கலாம், பின்னால் நிற்பவர்கள் வேறு. கடைசி வரிசையும் களரியின் நடுவிலிருந்து 20 அடிதான், அதனால் மைக் வேண்டாம். மைக் வந்தால் நடிகர் அதை விட்டு அசைய மாட்டார்.

காற்றைக் கவனியுங்கள். வைகாசியிலிருந்து தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும் மாதங்களில் குரல் காற்றுப் போகும் பக்கத்துக்கே போகும். காற்று வருகிற பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காது. அந்தப் பக்கம் மூன்று வரிசைக்கு மேல் இருத்தாதீர்கள், பின்னால் சுவர் அல்லது கிடுகு வேலி இருக்கிற இடமாகப் பாருங்கள். முக்கியமான வசனத்தைக் காற்றுக்கு முகம் கொடுத்துச் சொல்லப் பழக்குங்கள்.

வெளிச்சத்துக்கு 12 வோல்ட், 10 வோற் எல்இடி விளக்கு நான்கு. மொத்தம் மூன்றேகால் அம்பியர் அளவில் இழுக்கும். 40 அம்பியர்-மணி பற்றரியைப் பாதிக்கு மேல் வடிய விடாமல் ஆறு மணித்தியாலம் ஓட்டலாம். மோட்டார் சைக்கிள் பற்றரியை நம்பினால் முக்கால் மணித்தியாலத்தில், விவாதம் தொடங்கும் நேரம் பார்த்து, மங்கும். விளக்கைக் கமுகங்கம்பில் எட்டடிக்கு மேலே கட்டுங்கள். கீழே வைத்தால் எதிர்ப்பக்கத்தவரின் கண்ணில் அடிக்கும். தீப்பந்தம் வடிவுதான், ஆனால் கிடுகும் தறப்பாளும் இருக்கிற இடத்தில், அதுவும் கச்சான் காற்றில், வேண்டாம். ஜெனரேற்றர் என்றால் காற்றுப் போகிற பக்கம் 50 மீற்றர் தள்ளி.

சைரன், கடல் இரைச்சல், வெடி, ஓடுகிற கூட்டத்தின் கூச்சல் எதையும் ஒலிக்கக் கூடாது. எச்சரிக்கை ஒலி கதைக்குத் தேவையென்றால் நடிகர் வாயால் "ஊ" என்று சொல்லட்டும், பிள்ளைகள் சிரிப்பார்கள், அது நல்லது. கட்டியக்காரன் தொடக்கத்திலேயே என்ன காட்டப்போகிறோம் என்று சொல்லிவிட்டு, போக விரும்புகிறவர் போகலாம் என்றும் சொல்ல வேண்டும்.

பிரதம விருந்தினர் விசயம். ஆறு மணி என்றால் ஏழரைக்கு வருவார், மாலை, மங்கள விளக்கு, ஐந்து பேச்சு. நாடகம் தொடங்கும்போது பிள்ளைகள் பாயில் தூங்கியிருப்பார்கள். விருந்தினரை நாடகம் முடிந்த பிறகு பேச அழையுங்கள். பெரும்பாலும் பேச்சு சுருங்கிவிடும்.

"நிப்பாட்டு"

மூன்று காட்சி, ஒரு தொடக்கப் பாட்டு, எல்லாம் சேர்த்து 25 நிமிடம். பிறகு கட்டியக்காரன் மறுபடி தொடங்குவான், இந்த முறை யாரும் "நிப்பாட்டு" என்று சொல்லி உள்ளே வந்து ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒகஸ்தோ போலின் விவாத அரங்கில் இந்த நடுவர் வேலைக்கு ஒரு தனி ஆள் உண்டு. எங்களுக்குக் கட்டியக்காரன் ஏற்கெனவே இருக்கிறான், அரசனிடமும் சபையிடமும் ஒரே மூச்சில் பேசப் பழகியவன். சிங்களக் குடும்பங்களும் வருகிற ஊரில் இரண்டு மொழியும் பேசத் தெரிந்த ஒருவரை அந்த இடத்தில் விடுங்கள்.

மாற்றக்கூடியது பாதிக்கப்பட்டவரின் பாத்திரத்தை மட்டும். அதிகாரியை நல்லவராக்கிவிட்டால் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும், நாடகமும் தீரும். "எம்.பிக்கு ஃபோன் அடிப்பன்" என்று ஒருவர் எப்போதும் வருவார். திட்டக் கூடாது, கட்டியக்காரன் சபையைப் பார்த்து "எடுப்பாரோ?" என்று கேட்டால் சபையே பதில் சொல்லும். முதல் ஐந்து நிமிடம் யாரும் வராவிட்டால் பதறாதீர்கள். பேசாமல் நில்லுங்கள். குழு ஆள் ஒருவரைச் சபைக்குள் ஒளித்து வைத்து எழும்பச் செய்வது ஊருக்கு உடனே தெரிந்துவிடும். முதலில் எழும்புவது பெரும்பாலும் பத்து வயதுப் பிள்ளை. அதை விடுங்கள், அதன் பின்னால் தாய் வருவாள்.

ஒருவர் உடைந்துபோனால்

நடிக்காத இரண்டு பேர், ஒரு பெண் ஒரு ஆண், அந்த ஊரவர்களே, களரியின் இரு வழிகளிலும் இருக்க வேண்டும். அவர்களுக்கு நாடகம் பார்க்கிற வேலை இல்லை, சபையைப் பார்க்கிற வேலை. அழுகிறவரை உடனே தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. அழுவது நோய் இல்லை. உடம்பு நடுங்குகிறது, கண் நிலைகுத்துகிறது, கூப்பிட்டால் பதில் இல்லை என்றால் பக்கத்தில் போய் இருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சத்தம் குறைந்த பக்கத்தில் விரித்த பாய்க்கு நடத்திப் போங்கள். தண்ணீர் கொடுங்கள், காலைத் தரையில் ஊன்றச் சொல்லுங்கள். "என்ன நடந்தது, சொல்லுங்கோ" வேண்டாம். அவராகச் சொன்னால் கேட்டுக்கொண்டிருங்கள். அவருடைய உறவினர் வரும்வரை தனியே விடாதீர்கள். அடுத்த நாள் அதே பெண் அல்லது ஆண் வீட்டுக்குப் போய் வர வேண்டும். தூக்கமின்மை, சாப்பிடாமை வாரக்கணக்கில் நீண்டால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போகலாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம். இந்த ஏற்பாடு கைவசம் இல்லாமல் நாடகம் போடுவதைவிடப் போடாமல் இருக்கலாம்.

நடிகர்களையும் பாருங்கள். முடிந்தவுடன் வேசம் கலைத்து ஓடவிடாமல் 20 நிமிடம் வட்டமாக இருத்தி, ஒவ்வொருவரும் தன் பாத்திரத்தின் பெயரைச் சொல்லி "அவர் போயிட்டார், நான் இன்னார்" என்று சொல்லி எழும்பட்டும். பைத்தியக்காரத்தனம் மாதிரித் தெரியும். செய்யுங்கள்.

பிறகு

விவாதத்தின் கடைசியில் கட்டியக்காரன் எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, "வெள்ளம் வந்தா எந்தப் பக்கம் போவீங்கள்? கையை நீட்டுங்கோ" என்று கேட்டு, பிறகு கண்ணைத் திறக்கச் சொல்ல வேண்டும். 200 கையும் ஒரே பக்கம் நீட்டும் ஊர் அபூர்வம். கோயில் மேடு என்று ஒரு பகுதி, பாடசாலை என்று ஒரு பகுதி, ஆற்றைக் கடந்து பிரதான வீதி என்று ஒரு பகுதி. அதை அங்கேயே ஒருவர் எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு இடத்தில் கொப்பி எடுக்கலாம். அந்தக் குறிப்போடு, பாடசாலைத் திறப்பு இரவில் யாரிடம் இருக்கிறது, நடக்க முடியாதவர்கள் எந்த வீடுகளில் இருக்கிறார்கள், ஆடுமாட்டை எங்கே கட்டுவது என்று சபை சொன்னவற்றையும் சேர்த்து, குழுவில் இரண்டு பேர் ஒரு கிழமைக்குள் கிராம உத்தியோகத்தரிடமும் ஊரின் அனர்த்த முகாமைத்துவக் குழுவிடமும் கொடுக்க வேண்டும். ஒரு கிழமை தாண்டினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

நாடகத்தை அயல் ஊர் இரண்டுக்குக் கொண்டு போங்கள். கடற்கரை ஊருக்கு ஆற்றங்கரை நாடகத்தை அப்படியே கொண்டு போகாமல், மாமாவின் வசனத்தை மட்டும் அந்த ஊருக்கு ஏற்ப மாற்றுங்கள். கயிறு, விளக்கு, பற்றரி, தாளம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்ரிக் பீப்பாவில் போட்டு வாசிகசாலையில் போன வெள்ளம் சுவரில் விட்ட கறைக்கு மேலே உள்ள தட்டில் ஏற்றி வையுங்கள். பற்றரியை மாதம் ஒருமுறை சார்ஜ் பண்ண ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள். வெள்ளத்தில் மின்சாரம் போகும்போது அந்த நான்கு விளக்கும் பாடசாலைக்குத் தேவைப்படும்.